இடுப்பு நனையாத டீச்சர்

இந்திராணி டீச்சர் நடந்து போகும் இடத்தில் மட்டும் பழவேற்காடு ஏரி இருபது வருஷமாக முழங்காலுக்கு மேல் ஏறியதில்லை. ஆரம்பாக்கம் பக்கத்துக் கரையிலிருந்து நத்தைமேடு தீவுக்கு இரண்டு கிலோமீட்டர் தண்ணீர். நடுவில் ஓடை ஒன்று குறுக்கே ஓடுகிறது. கோடையிலேயே அதில் இரண்டு ஆள் ஆழம் நிற்கும், ஐப்பசி மழையில் படகு தள்ளும் கழி அடி தொடாது. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் நாள் காலை எட்டே கால் மணிக்கு, செருப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கறுப்புக் குடையை விரித்தபடி அவர் தண்ணீரில் இறங்கினார். மீன்பிடி முடிந்து பதினோரு மணிக்குத்தான் படகு வரும் என்று கரையில் இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பதினோரு மணிக்குப் போய் எந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓடையில் வலை போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் கையை ஆட்டிக் கத்தினார்கள். அவர்கள் கத்தி முடிப்பதற்குள் டீச்சர் ஓடையைக் கடந்து, அவர்களுக்கு ஒரு தலையசைப்பும் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஒன்பது இருபதுக்குப் பள்ளிக்கூடத்துப் பூட்டைத் திறந்தார். அன்று வெள்ளை இறாலுக்கு நல்ல விலை கிடைத்ததால் ஊரில் இறாலைப் பற்றித்தான் அதிகம் பேச்சு.

நத்தைமேட்டுக்கு அதற்கு முன்னால் வாத்தியார் வராமல் இல்லை. மூன்று பேர் வந்திருக்கிறார்கள். முதலாமவர் திங்கட்கிழமை வந்து வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இரண்டாமவர் ஊரில் தங்கினார், ஆனால் சீட்டாட்டத்தில் கெட்டிக்காரராக இருந்தார். மூன்றாமவர் முகம் யாருக்கும் நினைவில்லை. ஆகவே வாத்தியார் என்றால் நத்தைமேட்டில் ஒரு அலட்சியம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும், அதில் ஊரைக் குறை சொல்ல முடியாது. இந்திராணி டீச்சர் வேறு மாதிரி. ஆரம்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வரட்டும் என்று பதினெட்டு வருஷம் காத்திருந்து, நாற்பது வயதில் உத்தரவு வாங்கியவர். அவர் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் சட்டம் மாறியது. முந்தைய வருஷம் மார்ச்சுக்குள் சேர்ந்திருந்தால் சாகும்வரை மாதம் பென்ஷன் வந்திருக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. சீட்டாடிய வாத்தியார் இன்றைக்கும் பென்ஷன் வாங்குகிறார். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாகக் கேள்வி.

டீச்சர் தினமும் நடந்தார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த டிசம்பரில் கடல் பொங்கி ஏரிக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், அரையாண்டு விடுமுறை என்றும் பாராமல், தலையில் பத்துக் கிலோ அரிசியோடு நடந்து வந்து பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வருஷத்தில் அவர் நடந்த இடம் ஏரிக்குள் ஒரு தடமாகவே தெரிந்தது. தண்ணீர் அங்கே தெளிவாக இருக்கும், அடியில் மணல் கெட்டிப்பட்டிருக்கும், இரண்டு பக்கமும் இறால் வந்து ஒதுங்கும். வேறு யார் அதில் நடந்து பார்த்தாலும் ஓடை வரும் இடத்தில் முழுகத்தான் செய்தார்கள். டீச்சர் முன்னால் போனால் மட்டும் பின்னால் போகிறவனுக்கும் முழங்கால். இது ஏன் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் அதற்கு டீச்சர் வழி என்று பெயர் வைத்து, பாடு பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

பாடு என்பது இந்த ஏரியில் வலை போடுகிற முறை. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை அவனவன் இஷ்டத்துக்கு விடுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், அம்மன் கோயிலுக்கு முன்னால் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். சீட்டு விழுந்த வரிசைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். சீட்டில் பெயர் ஏறினால்தான் ஊரில் ஒருவன் ஆள். பெயர் ஏற ஒரே ஒரு சட்டம்தான் உண்டு, அதுவும் எழுதி வைத்த சட்டம் இல்லை: ஏரியில் இடுப்பு நனைந்தவனுக்குத்தான் பாடு. கரையில் நின்று கயிறு பிடிப்பவனுக்கும், முட்டளவு தண்ணீரில் நண்டு பொறுக்குகிறவனுக்கும் கிடையாது. டீச்சர் வழியில் முறை விழுந்த வீட்டில் அன்று கல்யாண வீட்டுக் களை இருக்கும். அந்த இறாலில் எத்தனையோ ஓட்டு வீடு எழும்பியது. அதற்காக யாராவது டீச்சருக்கு ஒரு கூடை இறால் கொடுத்தார்களா என்றால், இருசம்மாள் மட்டும் கொடுப்பார். இருசம்மாள் ஊர்த் தலைவர் ஆதிநாராயணனின் மனைவி, ஆரம்பாக்கம் சந்தையில் மீன் விற்கிறவர். முப்பத்தெட்டு வயதில் டீச்சரிடம் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் கற்றுக்கொண்டவர். ஆதிநாராயணனும் மனைவியின் தொல்லை தாங்காமல் போய்க் கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டார். அதுவரை எல்லாக் காகிதத்திலும் கட்டைவிரல்தான்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தை எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் முதல் தேதி காலையில் டீச்சர் வழக்கம்போல் வந்துவிட்டார். பத்து மணிக்குள் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் இரண்டு பக்கமும் ஏறி, நத்தைமேட்டில் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டும் கோயில் மேடையும் மட்டும் மிச்சமிருந்தன. கட்டியிருந்த படகுகள் அறுத்துக்கொண்டு போய்விட்டன, கிளம்பிய இரண்டு படகும் கவிழ்ந்தன. டீச்சர் பிள்ளைகளை உயரம் பார்த்து வரிசையில் நிற்க வைத்தார், பிரார்த்தனைக்கு நிற்க வைப்பது போலவே. பின்னால் பெண்கள், கடைசியில் ஆண்கள், முன்னால் இருப்பவர் துணியைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும், விடக்கூடாது என்று சொன்னார். முத்துராஜின் மகள் மாலாவுக்கு அப்போது ஐந்து வயது, நல்ல காய்ச்சல். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறுகையில் குடையோடு டீச்சர் முன்னால் நடந்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த வெள்ளத்தில் முழங்கால் நனைய நடந்து ஆரம்பாக்கம் கரை ஏறினார்கள். சின்னப்பனின் ஆடு ஒன்று வரிசையை விட்டு இரண்டு அடி விலகியது. அது போய்விட்டது. வேறு சேதம் இல்லை.

தண்ணீர் வடிந்து ஊர் திரும்பியதும் ஆதிநாராயணன் கோயிலுக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னார்: “டீச்சரு, இனிமே நீங்க வெளியாளு இல்ல. எங்க பாடு சீட்டுல உங்க பேரும் ஏறும். இது அம்மாமேல சத்தியம்.” டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்ப எனுக்கு சம்பளம் வருது அண்ணே. ரிட்டயர் ஆனப்புறம் எழுதுங்க. அப்பதான் ஒண்ணும் வராது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நாள் அது. அன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

டீச்சர் இரண்டாயிரத்து இருபத்து நாலு மே மாதம் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா நடக்கவில்லை. அன்று காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு எதிராக மறியல் இருந்ததால் ஆம்பளைகள் எல்லோரும் அங்கே போயிருந்தார்கள், பிறகு அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஆடி மாதம் சீட்டுக் குலுக்குகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் குடையோடு நடந்து வந்து, கூட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றார். அதற்குள் அவர் வீட்டு நிலைமை மாறிப் போயிருந்தது. கணவர் தருமனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. நிலம் வைத்தியத்துக்குப் போய்விட்டது. ஆனால் அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. “அன்னிக்கு சொன்னீங்களே அண்ணே, அதான் வந்தேன்” என்று மட்டும் சொன்னார். கேட்டுப் பழக்கம் இல்லாதவர் என்பதால் அதைச் சொல்வதற்குள் மூன்று முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முகத்துவாரம் மண்ணடித்துப் போய், ஏரியில் மீன் குறைந்துவிட்ட வருஷம் அது. ஒரு பெயர் கூடினால் எல்லோர் முறையும் ஒரு நாள் தள்ளிப் போகும். முதலில் எழுந்தது முத்துராஜ். “நா பதிமூணு வயசுல வலைய புட்ச்சவன். கால்ல சேத்துப்புண்ணு இன்னிக்கி வரிக்கும் ஆறல. எனுக்கு எந்த கவர்மெண்ட்டு பென்ஷன் குடுக்கப் போவுது? இவங்க ஃபேனுக்குக் கீய உக்காந்து, சனி ஞாயிறு லீவு, மே மாசம் லீவு, மாசம் பொறந்தா சம்பளம்னு இருந்தவங்க. அதெல்லாம் வாங்கிக்கினு இப்ப எங்க பாடும் வேணும்னா இன்னா நாயம் இது?” அவன் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. சேற்றுப்புண் பொய்யில்லை, அறுபது வயதில் வலை இழுக்கிறவனுக்கு நாட்டில் ஒருவரும் எதுவும் கொடுப்பதில்லை என்பதும் பொய்யில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் வந்ததே டீச்சர் வந்து பதிமூன்று வருஷம் கழித்துத்தான் என்பதை மட்டும் யாரும் நினைவுபடுத்தவில்லை. அடுத்து விக்கி எழுந்தான். டீச்சரிடம் படித்தவன், பன்னிரண்டாவது முடித்தவன். “படிச்சி இன்னாத்த கிழிச்சேன்? காட்டுப்பள்ளி ஹார்பர்ல வாட்ச்மேனா கேட்டாண்ட நிக்கிறேன். அதுக்கு டீச்சரு இன்னா பண்ணுவாங்கன்னு கேக்காதீங்க. எனுக்கும் தெர்ல” என்று சொல்லிவிட்டு, டீச்சர் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டான்.

பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் பேச உரிமை இல்லை. அதையெல்லாம் பொருட்படுத்துகிற ஆள் இருசம்மாள் இல்லை. “இருவது வருசமா ஏரியில நடந்தே வந்தவங்கள பாத்துத் தண்ணில எறங்காதவங்கன்றீங்களே, வாய் கூசல?” என்று கத்தினார். முத்துராஜ் திரும்பினான். “எறங்குனாங்க, யாரு இல்லன்னா? முட்டி வரிக்கும் எறங்குனாங்க. நம்ம சட்டம் இடுப்பு. அவங்க இடுப்பு நனைஞ்சி நீ பாத்துகிறியா? நா பாத்ததில்ல. இந்த ஊர்ல எவனும் பாத்ததில்ல.” அது உண்மைதான். வெள்ளத்தன்றுகூட அந்த அம்மாளுக்கு முழங்காலுக்கு மேல் ஒரு சொட்டு ஏறவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேரைக் காப்பாற்றிய அதே அதிசயம் இப்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இப்படியொரு தப்பை நத்தைமேட்டுக்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். எல்லோரும் ஆதிநாராயணனைப் பார்த்தார்கள். அவர் செய்த சத்தியம் அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் நினைவிருந்தது. இதே கூட்டத்தில் அவருடைய தலைவர் பதவியையும் ஊர் புதுப்பிக்க வேண்டியிருந்தது என்பதும் நினைவிருந்தது. அவர் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு, “சட்டம்னா சட்டம்தான்” என்றார். இதை எழுதுகிறவனும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான். டீச்சரிடம் ஐந்து வருஷம் படித்தவன். வாயைத் திறக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

“சரிங்க தலைவரே” என்றார் டீச்சர். இருபது வருஷமாக அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குடையை விரித்துக்கொண்டு கரைக்குப் போய் இறங்கினார். இங்கே குலுக்கல் ஆரம்பித்துவிட்டது, ஆனால் எல்லோருடைய கண்ணும் ஏரியில்தான். ஓடை வரை போகும்போது ஒன்றுமில்லை. ஓடையில் கால் வைத்ததும் தண்ணீர் ஏறியது. தொடை வரை ஏறியது, பிறகு இடுப்பு வரை. டீச்சர் நின்றார். அவர் தண்ணீரில் நின்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குடையை மடக்கினார், கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார், ஒவ்வொரு அடியாக நடந்தார். “நனைஞ்சிடுச்சி” என்று முத்துராஜ் மெதுவாகச் சொன்னான். இருசம்மாள் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினார். “இடுப்பு நனைஞ்சிச்சி பாருய்யா! உன் சட்டம் ஆயிடுச்சில்ல? கூப்புடுய்யா அவங்கள!” ஏரி தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது, மிச்சம் இருந்தது ஒரு குரல் கொடுப்பது மட்டும்தான். ஆதிநாராயணன் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். “குலுக்கல் ஆரம்பிச்சாச்சி. வர்ற வருசம் பாத்துக்கலாம்” என்றார். டீச்சர் மறுகரை ஏறி, புடவையைப் பிழிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்றைக்கே டீச்சர் வழி மூடிக்கொண்டது. ஓடை எப்போதும்போல் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போனது, இறால் வேறு பக்கம் போனது. அந்த வருஷம் டீச்சர் வழியில் முறை விழுந்தவர்கள் வலையில் பாசியைத்தான் எடுத்தார்கள். புதிதாக அர்ச்சனா என்ற டீச்சர் வந்தார். சின்ன வயது, நல்ல பெண். அவருக்கு ஏரி விலகிக் கொடுக்கவில்லை என்பதால் படகுக்குக் காத்திருந்து வருவார், பள்ளிக்கூடம் பதினோரு மணிக்குத் திறந்தது. மாலா அப்போது பழவேற்காட்டில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சண்டை எதுவும் போடவில்லை. “என்னிய அவங்க எந்தப் பக்கத்து இடுப்புல தூக்கினு போனாங்க நைனா, ஞாபகம் கீதா?” என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள். முத்துராஜ் எழுந்து கை கழுவிவிட்டான். ஆதிநாராயணன் வீட்டில் இருசம்மாள் எட்டு மாதம் பேசவில்லை. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போதுதான் முடியவில்லை. தலைவர் என்பதால் வாரத்துக்கு நாலு காகிதம் வரும். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டதும் அவருக்குக் கை நின்றுவிடும். அந்த எழுத்தின் வளைவைக் கைபிடித்துப் போட வைத்தவர் நினைவுக்கு வந்துவிடுவார்.

அடுத்த ஆடியில், குலுக்கலுக்கு முதல் நாள், முதல் சீட்டில் இந்திராணி என்று எழுதினார்கள். யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஒரு வருஷம் முன்னால் இதைச் செய்ய எது தடுத்தது என்று யோசித்தால் இன்றைக்கும் பிடிபடவில்லை. நேரில் கூப்பிட்டு வர மூன்று படகில் முப்பது பேர் கிளம்பினார்கள். ஓடைக்கு நடுவில் மூன்று படகும் ஒரே நேரத்தில் தரை தட்டின. மோட்டார் மணலில் உரசி நின்றது. எட்டிப் பார்த்தால் அடி தெரிந்தது. இறங்கினால் முழங்கால் தண்ணீர். தண்ணீரில் இறங்குகிறவன் லுங்கியை மடித்துக் கட்டுவது வழக்கம். முத்துராஜ் முதலில் இறங்கி, மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கீழே விட்டான். முன்பெல்லாம் டீச்சர் தெருவில் எதிரே வந்தால் ஆம்பளைகள் அப்படித்தான் செய்வார்கள். எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. மற்றவர்களும் அவிழ்த்து விட்டார்கள். படகுகளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள்.

டீச்சர் வீடு ஆரம்பாக்கத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்னறையில் ஒரு பக்கம் கட்டிலில் தருமன் படுத்திருந்தார், மறுபக்கம் பாயில் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும் டீச்சர், “இன்னாங்க இது, எல்லாரும் இடுப்பு வரிக்கும் நனைஞ்சி வந்துகிறீங்க?” என்று கேட்டார். குனிந்து பார்த்தார்கள். முழங்கால் தண்ணீரில்தான் வந்திருந்தார்கள். ஆனால் முப்பது பேருக்கும் இடுப்பு நனைந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் உள்ளே போய் இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் அவ்வளவுதான் இருந்தது.

ஆதிநாராயணன் சீட்டை நீட்டினார். டீச்சர் வாங்கிப் படித்தார். “இருக்கட்டுங்க. வேணான்னு பெருமைக்குச் சொல்ற நெலமைல நா இல்ல. இவரு மருந்துக்கு ஆவும்” என்றார். “சீட்டு எடுக்க நீங்களே வரணும் டீச்சரு” என்றார் ஆதிநாராயணன். டீச்சர் பக்கத்தில் இருந்த பிள்ளையின் நோட்டைத் திருத்திக் கொடுத்தார். “அது மட்டும் முடியாதுங்க தலைவரே. எனுக்குத் தண்ணின்னா பயம் வந்துடுச்சி. அன்னிக்கி ஓடைல காலு தரைய தேடிச்சி. அதுக்கு முன்னாடி ஒருநாளும் தேடுனதில்ல.” படகில் கூட்டிப் போகிறோம் என்று முத்துராஜ் சொன்னான். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார், கோபமாக இல்லை. பிறகு முத்துராஜைப் பார்த்து, “மாலா இன்னா படிக்கிறா?” என்று கேட்டார். பத்தாவது என்று சொல்லிவிட்டு அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் ஆதிநாராயணன் எதையோ எதிர்பார்த்து ஏமாந்தவர் போல இருந்தார். டீச்சர் ஒரு தரமாவது அண்ணே என்று கூப்பிடுவார் என்று நினைத்திருக்கிறார்.

இப்போது சீட்டில் டீச்சர் பெயர் இருக்கிறது. அவருக்காகச் சீட்டு எடுப்பது மாலா. டீச்சர் முறை வருகிற நாளில் யாராவது ஒருவர் வலை போட்டு, கிடைப்பதை ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இறால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, முன்போல் இல்லை. டீச்சர் ஏரிப் பக்கமே வருவதில்லை. படகுகள் ஓடையில் தரை தட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஆழம் அளக்கிற அதிகாரிகள் மெஷினோடு வந்தார்கள். பதினாலு அடி என்று மெஷின் காட்டியது, அவர்கள் படகும் அங்கேயே தட்டி நின்றது, அவர்களும் பேன்ட்டோடு இறங்கித் தள்ளிவிட்டுப் பதினாலு அடி என்றே எழுதிக்கொண்டு போனார்கள். நத்தைமேட்டுக்காரர்கள் இதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. டீச்சர் வழி வந்ததும் மோட்டாரை நிறுத்துவார்கள், இறங்குவார்கள், லுங்கி மடிப்பை அவிழ்த்து விடுவார்கள், படகைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஏறுவார்கள். தண்ணீர் முழங்கால்தான், ஆனால் ஏறும்போது எல்லோருக்கும் இடுப்பு நனைந்திருக்கும். அதனால் ஊரில் எந்தப் படகை எடுத்தாலும் மீன் கூடைக்குப் பக்கத்தில் மாற்று லுங்கி ஒன்று மடித்து வைத்திருப்பார்கள்.